எல்லப்பனின் வலது கண்

எல்லப்பனின் வலது கண்ணைக் கிட்டத்தில் பார்த்தவர்கள் ரெண்டாம் தடவை பார்க்க மாட்டார்கள். வெள்ளை இருக்கவேண்டிய இடத்தில் சிவப்பு நரம்பு ஓடின சதை. நடுவில் சட்டைப் பித்தான் அளவுக்கு ஒரு வட்டம். அந்த வட்டத்துக்கு நடுவில் கறுப்பாக ஒரு துவாரம், அடியில் தண்ணி கிடக்கிற போர்வெல் குழி மாதிரி பளபளவென்று. அவன் சிரித்தாலும் அது சிரிக்காது. அவன் கோபப்பட்டாலும் அது மாறாது. அவனோடு பேசும்போது உள்ளே வேறொரு ஆள் உட்கார்ந்து நம்மைக் கவனிக்கிற மாதிரி எனக்கு முதுகில் சில்லென்று ஏறும். இடது கண் சுருங்கி மூடியே போய்விட்டது.

எங்கள் லைன் வீட்டுப் பிள்ளைகள் அவனைக் கண்டால் அம்மா பின்னால் ஓடி ஒளியும்.

"ஏன்டா குட்டிங்களைப் பயமுறுத்துற?" என்பேன்.

"நானா பயமுறுத்துறேன்? அதுங்களா வந்து உத்துப் பாத்துட்டு அதுங்களா ஓடுதுங்கண்ணா. சிசிடிவின்னு நெனைச்சிக்குதோ என்னவோ."

எல்லப்பன் அப்படிப்பட்ட ஆள். வீட்டில் தெலுங்கு பேசி வளர்ந்தவன். எல்லை ஓரத்து ஊரில் கன்னடப் பள்ளிக்கூடத்தில் படித்தவன். எங்களோடு தமிழ் பேசுவான், படிக்கத் தெரியாது. மூன்று பாஷையிலும் கூசாமல் பொய் சொல்வான், மூன்றிலும் நாம் நம்புவோம். அவன் பெண்டாட்டி பொற்கொடி சிங்காரப்பேட்டைக்காரி. ஓசூருக்கு ஒரு கம்பெனியில் வயர் கோர்க்கிற வேலைக்கு வந்தவள், இவனைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டாள். அவளுக்குத் தமிழைத் தவிர வேறு பாஷை ஒட்டவே இல்லை.

நான் திருமலை. குட்டியானை லோடு வண்டி ஓட்டுகிறேன். பிளேட்டிங் ஷெட்டிலிருந்து முலாம் போட்ட போல்ட்டு, பிராக்கெட்டுப் பெட்டிகளை ஏற்றி சிப்காட் கம்பெனிகளில் இறக்குவது என் பிழைப்பு. எல்லப்பன் அந்த ஷெட்டில் தொட்டி வேலை பார்த்தான். லைனில் அவன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அவன் இருமினால் என் பெண்டாட்டி எழுந்துகொள்வாள்.

அந்த ஷெட்டில் முதல் தொட்டி காஸ்டிக் தொட்டி. கொதிக்கிற சோடாத் தண்ணீர். இரும்பில் இருக்கிற எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும். தோலையும் எடுக்கும். ஒரு நாள் சங்கிலி நழுவி, சாமான் கூடை மொத்தமாகத் தொட்டிக்குள் விழுந்தது. தண்ணீர் எழும்பி எல்லப்பன் முகத்தில் அடித்தது. அவனுக்குக் கண்ணாடி கொடுத்திருந்தார்கள். இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அது நெற்றியில் இருந்தது. ஆவியில் மங்கிப் போகுது என்று மேலே தூக்கி வைத்திருந்தான். அங்கே எல்லாரும் அப்படித்தான் வைத்திருப்பார்கள். ஷெட் ஆட்கள் ஒரு குடம் தண்ணியை ஊற்றிவிட்டு ஆட்டோ தேடி ஓடினார்கள். நிறுத்தாமல் ஊற்றிக்கொண்டே இருந்திருக்க வேண்டுமாம். ஆஸ்பத்திரியில் சொன்ன பிறகுதான் எல்லாருக்கும் தெரிந்தது.

அப்புறம் அவன் வாழ்க்கை பொற்கொடியின் கையில். நிஜமாகவே கையில். டீக்கடைக்கு, கக்கூசுக்கு, கோயிலுக்கு, எங்கே போனாலும் அவள் விரலைப் பிடித்துக்கொண்டுதான் போனான். பெங்களூரில் ஒரு பெரிய கண் ஆஸ்பத்திரியில், செத்தவர்கள் தானம் கொடுத்த கருவிழியை ரெண்டு தடவை வலது கண்ணில் வைத்துத் தைத்தார்கள். ரெண்டும் கொஞ்ச நாளில் அவித்த முட்டை மாதிரி வெளுத்துப் போயின. சோடாத் தண்ணீர் அந்த மண்ணையே கெடுத்துவிட்டது, இனி மனுஷ விழி அதில் பிடிக்காது, பிளாஸ்டிக்கில் செய்த செயற்கைக் கருவிழி ஒன்றுதான் வழி என்றார் டாக்டரம்மா.

அதைப் பற்றி அவர் கன்னடத்தில் ரொம்ப நேரம் பேசினார். ஒரு கையைக் குவித்து இன்னொரு கை மேல் மூடி மூடிக் காட்டினார். எல்லப்பன் "ஹௌது மேடம், ஹௌது மேடம்" என்று தலையாட்டிக்கொண்டே இருந்தான்.

"என்ன சொல்றாங்க? என்ன சொல்றாங்க?" என்று பொற்கொடி அவன் தோளைப் பிறாண்டினாள்.

"மருந்து விடணுமாம். தேய்க்கக்கூடாதாம்."

"இவ்ளோ நேரம் அதையேவா சொன்னாங்க?"

"பெரிய டாக்டரு. ஒண்ணையே பத்து தடவை சொல்லுவாங்க. நீ பேசாம இரு."

தானக் கருவிழி ஒன்றின் நடுவில் அந்தப் பிளாஸ்டிக்கைப் பித்தான் மாதிரி பூட்டி, அதைக் கண்ணில் வைத்துத் தைத்தார்கள். கட்டை அவிழ்த்த அன்றைக்கு நான்தான் அவர்களைக் கூட்டிவரப் போனேன். மூன்று பேரும் வண்டியின் முன்சீட்டில் நெருக்கிக்கொண்டு வந்தோம். பொம்மசந்திரா தாண்டும்போது எல்லப்பன் திடீரென்று வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தான். கடை போர்டு, பஸ் போர்டு, சுவரில் எழுதின விளம்பரம், ஒன்று விடவில்லை. எல்லாம் கன்னடம். எனக்கு அது ஜிலேபி பிழிந்த மாதிரி. சந்தாபுரா, அத்திப்பள்ளி என்று ஊர்ப் பெயர் வந்தபோது மட்டும் அவன் படிப்பது சரி என்று தெரிந்தது. பொற்கொடி ஒரு வார்த்தை புரியாமல் அழுதுகொண்டே கேட்டுக்கொண்டு வந்தாள்.

எல்லை தாண்டினதும் நான் சொன்னேன்: "ஜூஜுவாடி வந்துருச்சு. உன் படிப்பு முடிஞ்சுது. இனிமே நான் படிக்கிறேன், நீ வாயை மூடிக்கிட்டு வா."

"நீ எழுத்துக் கூட்டி முடிக்கிறதுக்குள்ள சேலமே வந்துரும்ணா."

நான் அஞ்சாவதோடு நின்றவன். அவன் சொன்னதில் தப்பில்லை.

மறுநாள் காலை அவன் தனியாக டீக்கடைக்கு நடந்து போனான். மெதுவாக, தலையை இப்படியும் அப்படியும் திருப்பித் திருப்பி. மூங்கில் குழாய் வழியாகப் பார்க்கிற மாதிரி நேரே மட்டும் தெரியுதாம், பக்கவாட்டு கொஞ்சம் குறைவுதானாம். பொற்கொடி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "கை சும்மா இருக்குதுண்ணா, என்ன பண்றதுன்னே தெரியல" என்று என்னிடம் சிரித்தாள்.

அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்கு நானும் அவனும் மட்டும் போனோம். பொற்கொடிக்கு ஷிப்ட். அங்கே தர்மபுரிப் பெண் ஒருத்தி நர்ஸாக இருந்தாள். அவள் எல்லப்பன் கண்ணில் இடுக்கியை வைத்து, கண்ணாடி மாதிரி தெளிவான ஒரு மெல்லிய வட்டத்தை உரித்து எடுத்தாள். நான் பதறி எழுந்தேன்.

"என்னம்மா கண்ணையே எடுத்துட்ட?"

"இது மேல போடுற லென்சுங்கண்ணா. பிளாஸ்டிக்கைச் சுத்தி இருக்கிற தசை காயாம காப்பாத்துறதே இதுதான். இது இல்லைன்னா தசை கரைய ஆரம்பிச்சிடும். ஓரத்துல இடுக்கு விழும். கிருமி நேரா உள்ள போயிடும். அதான் பழசை எடுத்துட்டு நாங்களே புதுசு வெச்சு விடுறோம்." பழையதைக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டுப் புதியதை வைத்தாள். ஒரு நிமிஷ வேலை. எல்லப்பன் அந்தக் கூடையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வெளியே பெஞ்சில் ஆந்திரப் பக்கத்துக் குப்பம் ஊர்க்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். கறுப்புக் கண்ணாடி. நாங்கள் லென்ஸைப் பற்றிப் பேசினதைக் கேட்டுவிட்டு, "உனக்கும் பித்தான் வெச்சிருக்காங்களா தம்பி?" என்றார்.

"ஆமாங்க."

"எனக்கும் வெச்சாங்க. ரெண்டு வருஷம் நல்லா பாத்தேன். ஒரு நாள் சாயந்திரம் சிவந்துச்சு. கரும்பு வெட்டு நடந்துட்டிருந்துச்சு. மறுநாள் வந்தேன்."

"மறுநாளே வந்துட்டீங்களே?" என்றேன் நான்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். தைத்து மூடியிருந்தது. "மறுநாள் வந்தேன்" என்றார் மறுபடியும்.

திரும்பி வரும்போது எல்லப்பன் ஒரு போர்டும் படிக்கவில்லை.

கொஞ்ச நாள் ஒழுங்காகத்தான் இருந்தான். மருந்துப் புட்டியைக் குளிரில் வைக்க வேண்டும். வீட்டில் பிரிட்ஜ் இல்லை. எதிர் மளிகைக் கடை பிரிட்ஜில் பால் பாக்கெட்டுக்கும் கூல்டிரிங்ஸுக்கும் நடுவில் அது நிற்கும். காலையும் மாலையும் அங்கேயே நின்று தலையை அண்ணாந்து விட்டுக்கொள்வான். கடைக்கு வருகிறவர்கள் கிட்டப் போய் எட்டிப் பார்ப்பார்கள். பிளாஸ்டிக் கண் பார்க்குதாமே என்று அக்கம்பக்கத்து லைனிலிருந்தெல்லாம் வந்தார்கள். போகும்போது குழந்தையின் முகத்தைத் திருப்பித் தூக்கிக்கொண்டு போனார்கள். இவன் பார்வை பட்டால் ஆகாது என்று ஒரு பேச்சு கிளம்பிவிட்டது. பொற்கொடி வெள்ளிக்கிழமை தவறாமல் அவனுக்குச் சுற்றிப் போட்டாள்.

தை மாதம் சிங்காரப்பேட்டைப் பக்கத்தில், பொற்கொடியின் அம்மா ஊரில் எருது விடுகிற விழா. எல்லப்பன் போயே தீருவேன் என்று நின்றான்.

"தூசு பறக்கும்டா" என்றேன்.

"கண்ணாடி போட்டுக்குறேன்."

"அந்தக் குப்பத்துக்காரரை நெனைச்சுப் பாரு."

"கண்ணு வந்து நான் என்னத்தண்ணா பாத்துட்டேன்? டீக்கடை, சாக்கடை, உன் மூஞ்சி. ஒருக்கா எருது பாத்துட்டு வந்துடுறேன்."

அந்தப் பக்கம் எனக்கு லோடு இருந்தது. நானே அவர்களை ஏற்றிக்கொண்டு போனேன். பாதி வழியில்தான் மருந்துப் புட்டி எங்கே என்று கேட்டேன். "பிரிட்ஜுலதான்ணா. வெயில்ல எடுத்துட்டுப் போனா கெட்டுப்போயிடும். ஒரு நாள்தானே" என்றான். அவன் சொன்ன விதத்தில் அது நியாயம் மாதிரியே இருந்தது.

தெரு ரெண்டு பக்கமும் ஜனம். மொட்டை மாடி எல்லாம் தலை. கொம்பில் பலூனும் ஜிகினாவுமாக எருதுகள் ஒவ்வொன்றாகப் பாய்ந்து வந்தன. எல்லப்பன் குதித்தான், விசில் அடித்தான். "அண்ணா, அந்தச் செவலை! கொம்பைப் பாருண்ணா, கொம்பை!" என்று என் சட்டையை இழுத்தான். நான் எருதைப் பார்க்கவில்லை. அவனைப் பார்த்தேன். கண்ணாடி நெற்றியில் இருந்தது.

"டேய், கண்ணாடியை இறக்குடா!"

"அதைப் போட்டா ஒண்ணும் தெரியலண்ணா!"

அந்த நேரம் ஒரு மாடு தடம் மாறி எங்கள் பக்கம் வந்தது. அவனுக்கு இடது பக்கத்திலிருந்து. எல்லாரும் சிதறினார்கள், அவன் மட்டும் நேரே பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றான். நான் அவன் இடுப்பைப் பிடித்துச் சுவரோடு சாய்த்தேன். மாடு போய்விட்டது. அதன் பின்னால் வந்த தூசு எங்கள் ரெண்டு பேரையும் முழுங்கிவிட்டது. தூசு அடங்கினதும் பார்த்தால், அவன் அந்தக் கண்ணைத் திறந்தபடியே நின்றுகொண்டிருந்தான். அது எப்போதுமே பாதி திறந்தேதான் இருக்கும். சோடாத் தண்ணீர் இமையையும் விட்டு வைக்கவில்லை.

"உறுத்துதா?"

"லேசா. சரியாயிடும், நீ கெளம்பு."

எனக்குக் கோயமுத்தூர் லோடு. ஏற்றி இறக்கி, அங்கேயே காத்திருந்து, திரும்பும் சரக்கு பிடித்து ஓசூர் வந்து சேர நாள் ஆகிவிட்டது. நடுவில் போன் செய்தேன். பொற்கொடிதான் எடுத்தாள். "நல்லா இருக்காருண்ணா, வூட்டுக்கு வந்துட்டோம்" என்றாள். சரக்கை இறக்காமலேயே லைனுக்கு வந்து வண்டியை நிறுத்தினேன். வெயில் சுள்ளென்று ஏறிவிட்ட நேரம். எல்லப்பன் வாசற்படியில், முகமெல்லாம் வெயில் விழ உட்கார்ந்திருந்தான். என் செருப்புச் சத்தத்துக்குத் திரும்பினான்.

"வாண்ணா. பனி இன்னும் விடல போலிருக்கே. இந்த வருஷம் ஜாஸ்தி."

வானத்தைப் பார்த்தேன். ஒரு துணுக்கு மேகம் இல்லை.

பொற்கொடி டம்ளரோடு வந்தாள். முகம் மலர்ச்சியாக இருந்தது. "அண்ணா, உங்களுக்குத் தெரியாதே. இவரு கண்ணு உறுத்துதுன்னு எங்கம்மா, ஊரு வைத்தியக்காரி மாரம்மாகிட்டக் கூட்டிட்டுப் போச்சு. கண்ணுல உமி, கல்லு, இரும்புத்தூள் எது விழுந்தாலும் அந்தம்மா நாக்காலயே எடுத்துடும். சுத்துப்பட்டு ஊரெல்லாம் அதுகிட்டத்தான் வரும். தண்ணி ஊத்தி வாயைக் கொப்புளிச்சிட்டு, இமையைத் தூக்கி ஒரே தடவு. எவ்ளோ பெரிய சவ்வு வந்துச்சு தெரியுமா? அதான் இத்தனை நாளா இவருக்குப் பக்கவாட்டுல தெரியாம மறைச்சிருக்கு."

"சவ்வா?"

"வெச்சிருக்கேன் பாருங்க." சாமி மாடத்திலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்து வந்தாள். இலை வதங்கிச் சுருண்டிருந்தது. நடுவில் மஞ்சள் வைத்திருந்தாள். மஞ்சளுக்குப் பக்கத்தில் மீன் செதில் மாதிரி ஒன்று காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

எனக்கு ஆஸ்பத்திரியில் பார்த்த அந்த இடுக்கியும் அந்தக் குப்பைக் கூடையும் கண்முன் வந்தன.

"என்னண்ணா? ஏன் அப்டிப் பாக்குறீங்க?"

நான் எல்லப்பன் பக்கம் திரும்பினேன். "டேய். இது என்னன்னு உனக்குத் தெரியுமா தெரியாதா?"

"தெரியும்ணா."

"தெரிஞ்சுமா சும்மா இருந்த?"

"அந்தம்மா வெத்தலையில வெச்சுக் காட்டினதும் சனமெல்லாம் கையெடுத்துக் கும்பிட்டுச்சுண்ணா. எங்க மாமியா அழுவுது. மாரம்மா கால்ல விழுவுறாங்க. அந்த நேரத்துல, இது ஆஸ்பத்திரியில வெச்ச லென்சுன்னு எப்டிச் சொல்லுவ? எடுத்ததும் குளுகுளுன்னு வேற இருந்துச்சு. நர்ஸம்மா பழசைக் குப்பையிலதானே போட்டாங்க. அடுத்த தடவை போறப்ப புதுசு வெச்சுக்கலாம்னு இருந்தேன்."

"இவகிட்டயாவது சொன்னியா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். பொற்கொடி எங்கள் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு மெதுவாகத்தான் விளங்கியது. விளங்கினதும் அவள் கத்தவில்லை. இலையை வெளிச்சத்தில் பிடித்து, அந்தச் செதிலின் ஓரத்தை நகத்தால் நெம்பிப் பார்த்தாள். அது பொடிந்தது.

"இதைத் திருப்பி வெக்க முடியாதாண்ணா?" என்றாள்.

நான் எல்லப்பன் தாடையைப் பிடித்து முகத்தை வெயிலுக்குத் தூக்கினேன். சுற்றியிருந்த சதை தக்காளி மாதிரி சிவந்திருந்தது. அந்தக் கறுப்புத் துவாரத்தின் அடியில், டம்ளரில் மாவு படிந்த மாதிரி, ஒரு பிறை அளவுக்கு வெள்ளை. தண்ணியைத் தேடிப் போனவனுக்குப் போர்வெல் குழியில் சேறு தெரிந்தது போல எனக்கு ஆனது.

"எத்தனை நாளாடா இந்தப் பனி?"

"நேத்துல இருந்துண்ணா" என்றான் சின்னக் குரலில்.

சரக்கு அப்படியே கிடக்கட்டும் என்று வண்டியை எடுத்தேன். பொற்கொடி நடுவில் உட்கார்ந்தாள். இலையை விடாமல் மடியில் வைத்திருந்தாள். டாக்டரிடம் காட்டவேண்டுமாம். எல்லப்பன் ஜன்னல் ஓரம். சிப்காட் தாண்டினோம். பிறகு அவன்தான், "படிண்ணா" என்றான்.

"எதை?"

"போர்டு. ஜூஜுவாடி வரைக்கும் உன் முறைதானே?"

படித்தேன். எழுத்துக் கூட்டித்தான். டயர் கடை, வெல்டிங் பட்டறை, பிரியாணிக் கடை. அவன் "ம், ம்" என்று கேட்டுக்கொண்டு வந்தான். எல்லையில் லாரிகள் வரிசை கட்டி நின்றன. ஓரமாகப் புகுந்து தாண்டினேன்.

"உன் முறைடா" என்றேன்.

ஆரம்பித்தான். முன்னைப் போலவே கடகடவென்று. அத்திப்பள்ளி என்றான், அத்திப்பள்ளிதான். ஏதோ ஸ்டோர்ஸ், ஏதோ எலெக்ட்ரிகல்ஸ், கல்யாண மண்டபம். எனக்கு அந்த ஜிலேபி எழுத்து ஒன்றும் தெரியாது. அவன் சொல்வதை நம்புவதைத் தவிர வேறு வழியில்லை. நம்பினேன். பரவாயில்லை, இன்னும் பார்க்கிறான், நேரத்துக்குப் போய்விடலாம் என்று ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். பொற்கொடியும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

சந்தாபுராவில் வண்டிகள் மொத்தமாக நின்றுவிட்டன. எங்களுக்கு முன்னால் ஒரு தண்ணி டேங்கர். அதன் நீல நிற முதுகு எங்கள் முன்கண்ணாடி முழுவதையும் அடைத்துக்கொண்டு நின்றது. பெயிண்ட் உரிந்த வெறும் தகரம், அதில் ஒரு எழுத்து இல்லை. இடது பக்கம் ஒரு பஸ் ஜன்னலை உரசுகிற மாதிரி நின்றது. வானம்கூடத் தெரியவில்லை.

எல்லப்பன் நேரே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பேக்கரிண்ணா" என்றான். "அதுக்குப் பக்கத்துல மொபைல் கடை. மேல ஒரு ஸ்கூல் போர்டு, புதுசா வெச்சிருக்காங்க போல."

பொற்கொடி டேங்கரைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவளுக்குக் கன்னடம் தெரியவேண்டிய அவசியமே இல்லாமல் போய்விட்டது. மடியிலிருந்த இலை கீழே விழுந்தது, அவள் எடுக்கவில்லை. அவன் கையைத் தேடி விரலைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை மாதமாக அவள் பிடிக்க வந்தால் உதறிவிடுகிறவன், இப்போது உதறவில்லை.

"சரியாத்தானே படிக்கிறேன், அண்ணா?"

"சரியாத்தான்டா படிக்கிற. படி" என்றேன். ஹாரனில் கையை வைத்து அழுத்தினேன். டேங்கர் நகரவில்லை.